கோடி என்று எழுதுகிறோம், முழமும் விரலும் எழுதுவதில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் திருமேனிகள் களவு போன செய்தியும் மீட்கப்பட்ட செய்தியும் தங்கள் நாளிதழில் வெளிவரும்போதெல்லாம் அவற்றைக் கத்தரித்து ஒரு பழைய கோப்பில் ஒட்டி வைப்பது, பள்ளியில் வரலாறு கற்பித்த காலம் தொட்டு எனக்கு வழக்கம். அண்மையில் அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். அநேகமாக எல்லாச் செய்திகளும் ஒரே வாக்கியத்தின் மறுபதிப்பாகவே இருக்கின்றன: "பல கோடி ரூபாய் மதிப்புள்ள பழமையான ஐம்பொன் சிலை." அது எந்தக் கோயிலின் எந்த மூர்த்தி, உயரம் எவ்வளவு, கைகள் எத்தனை, எந்தக் கையில் என்ன இருக்கிறது, பீடம் வட்டமா சதுரமா, எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த விரல் உடைந்திருக்கிறது என்பவற்றில் ஒன்றைக்கூடப் பெரும்பாலான செய்திகளில் காண முடியவில்லை. படம் வெளிவந்திருந்தாலும் அதில் அதிகாரிகள் வரிசையாக நிற்க, மேசைமேல் மாலைக்குள் மறைந்தபடி திருமேனி சிறிதாகத் தெரிகிறது. இந்தக் குறையைத் தங்கள் செய்தியாளர்கள்மேல் மட்டும் சுமத்த நான் எண்ணவில்லை. அவர்களுக்குத் தரப்படும் குறிப்பே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குறை எழுத்து நடையைப் பற்றியதன்று என்பதையும், திருமேனிகள் தொலைவதற்கும் தொலைந்தவை திரும்பாமல் போவதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கிறது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்த "ஐம்பொன்". சோழர் காலத்துத் திருமேனிகளை அறிவியல் முறையில் ஆய்ந்தவர்கள் கண்டது, அவை பெரும்பகுதி செம்பும், அதனுடன் சிறு அளவில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகம் என்பதே ஆகும். பொன்னும் வெள்ளியும் இருந்தால் அவை மிக நுண்ணிய அளவிலேயே இருக்கின்றன. வார்ப்பின்போது அன்பர்கள் ஒரு துளி பொன்னோ வெள்ளியோ உருக்கில் சேர்ப்பது இன்றும் உள்ள வழக்கம்தான். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவை. பொன்னால் செய்ததைப் பொன் என்றும், வெள்ளியால் செய்ததை வெள்ளி என்றும், செம்பால் செய்ததைச் "செப்புப் பிரதிமம்" என்றும் அவை பிரித்தே எழுதுகின்றன. இராசராசன் கொடுத்த பொன்னாலான கொள்கைதேவர் திருமேனியின் எடை, பொன் நிறுக்கும் பழைய அளவில், 829 கழஞ்சுக்குச் சற்று மேல் என்று குறித்த அதே கை, செம்பை ஒருபோதும் பொன்னாக்கவில்லை. நாமோ செம்பை ஐம்பொன்னாக்கி, அதன் பக்கத்தில் கோடியையும் எழுதி வைக்கிறோம். தங்கம் இருக்கும் என்று நம்பித் திருமேனியின் கையை அறுத்துப் பார்த்தவர்களைப் பற்றிய கதைகள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கோடிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிபாட்டில் இருக்கும் ஒரு மூர்த்திக்கு விலை கிடையாது. அதை விற்க யாருக்கும் உரிமையில்லாதபோது விலை எங்கிருந்து வரும்? அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் என்று ஒரு விலை ஏற்பட்டது, அவர் களவாடப்பட்டு ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்துக்கு 2008-ஆம் ஆண்டு விற்கப்பட்ட பிறகுதான். திருடனும் தரகனும் வைத்த விலையை நாம் எடுத்து முதற்பக்கத்தில் போடுகிறோம்.

இனி விவரக் குறிப்புக்கு வருகிறேன். தம் 26-ஆம் ஆட்சியாண்டில் இராசராசன் இட்ட ஆணை பலருக்கும் தெரிந்ததுதான்: "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக என்பது அது. அரசன் தன் கொடையையும், தமக்கை குந்தவையின் கொடையையும், தேவியரின் கொடையையும், அதிகாரிகள் தந்ததையும் ஒரே சுவரில் ஒரே முறையில் எழுதச் சொன்ன பெருந்தன்மையை மேடைகளில் நாம் பாராட்டுகிறோம். அந்த எழுத்துக்குள் போய் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளை அந்தக் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. ஒவ்வொன்றையும் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து, பாதாதிகேசாந்தம், அதாவது திருவடியிலிருந்து திருமுடி வரை, இத்தனை முழம் இத்தனை விரல் என்று தருகின்றன. விரலுக்கும் கீழே தோரை என்ற நுண்ணளவுவரை இறங்குகின்றன. திருக்கைகள் நான்கா இரண்டா, உள்ளே நிறைந்த கனமான வார்ப்பா, பொள்ளலான வார்ப்பா, அவர் நிற்கும் பதுமத்தின் உயரம் என்ன, பீடத்தின் நீளமும் அகலமும் என்ன, அவரைச் சூழ்ந்த பிரபையின் சுற்றளவு என்ன என்பவை எல்லாம் அங்கே இருக்கின்றன. தட்சிணாமூர்த்தி என்று பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், அவர் அமர்ந்த மலை, மேலே நிழல் தரும் ஆலமரம், அதன் கிளைகளின் எண்ணிக்கை, மரத்தில் தொங்கும் பொக்கணம் என்ற பைவரை எழுதியிருக்கிறார்கள். சிவபூசையைக் கெடுத்த தந்தையின் காலை வெட்டிய அடியாரான சண்டேசரின் தொகுதியில், கால் வெட்டுண்டு தரையில் கிடக்கும் அந்தத் தந்தைக்கும் தனியாக ஒரு வரி உண்டு. இறைவன் சண்டேசருக்குப் பரிசாகச் சூட்டும் பூமாலையும் ஓர் உருப்படியாகக் கணக்கில் வருகிறது.

நகைகளுக்கு வந்தால் கை இன்னும் நுணுக்கமாகிறது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரித்து, எண்ணிக்கை சொல்லி, கோத்த சரடின் எடையை நீக்கி, மீதியை நிறுத்து எழுதுகிறார்கள். நிறுத்த எடைக்கல்லுக்கே "ஆடவல்லான்" என்று பெயர். கூத்தாடும் இறைவன் பெயரால் அமைந்த கல்லை வைத்துக்கொண்டு கணக்கில் தவறு செய்ய ஒருவருக்கு மனம் வராது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

அத்தனை திருமேனிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை இன்று அங்கே இல்லை. ஆனால் இல்லாமல் போனவை எவை, அவை எப்படி இருந்தன, எவ்வளவு உயரம் என்பது ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. அதற்கு நேர்மாறாக, 1970-களில் காணாமற்போன ஒரு திருமேனியைப் பற்றி அந்த ஊரின் காவல் நிலையத்தில் இருக்கும் குறிப்பு, "அம்மன் சிலை ஒன்று, உயரம் சுமார் இரண்டடி" என்ற அளவோடு நின்றுவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். உலகின் எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் இரண்டடி உயரத்தில் ஓர் அம்மன் நின்றுகொண்டிருப்பாள். எவள் நம்மவள் என்று எதை வைத்துச் சொல்வது?

இதைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு வார்ப்பு முறையே இடம் தருகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கைக்கொள்ளும் முறையில், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முதலில் உருவத்தை மெழுகில் செய்கிறார்கள். உருவத்தின் அளவைத் தென்னையோலையை மடித்து, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாளக் கணக்குப்படி பிரித்துக்கொள்கிறார்கள். மெழுகுருவின்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணை முதலிலும், அதற்குமேல் கனமான களிமண்ணையும் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. எனவே ஒரே ஸ்தபதி ஒரே வாரத்தில் செய்த இரண்டு நடராசர்கள்கூட ஒன்றுபோல் இருக்க முடியாது. உலோகம் ஓடாமல் விட்ட ஒரு சிறு குழி, திருவாசியின் சுடர்களுக்கு இடையே உள்ள இடைவெளி, முயலகன் தலை திரும்பியிருக்கும் கோணம், பலநூறு ஆண்டு அபிடேகத்தாலும் புளி போட்டுத் தேய்த்ததாலும் மழுங்கிய மூக்கு ஆகியவை ஒவ்வொரு திருமேனிக்கும் நம் கைரேகையைப் போன்றவை. அவற்றை ஒரு நல்ல புகைப்படமும் பத்து வரிக் குறிப்பும் பிடித்துவிடும்.

குறிப்பு இல்லாமையால் என்ன நேர்ந்தது என்பதற்குச் சிவபுரமே போதும். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள அவ்வூரில் 1951-இல் நிலத்திலிருந்து நடராசரும் வேறு சில திருமேனிகளும் கிடைத்தன. அவை கோயிலுக்கே தரப்பட்டன. பின்னர் செப்பனிடுவதற்கென்று வெளியே சென்ற நடராசருக்குப் பதிலாக, அவரைப் போலவே செய்த இன்னொருவர் திரும்பி வந்தார். ஊரார் வணங்கினார்கள், தீபாராதனை நடந்தது, யாருக்கும் ஐயம் எழவில்லை. கோயிலில் இருப்பது போலி என்பதை 1965-இல் எழுதியவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அசல், அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையின் கைக்குப் போய், வழக்காகி, உடன்பாடாகி, 1986-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. நம் ஊர்க் கோயிலில் இருப்பது நம் மூர்த்திதானா என்பதைக் கடல் கடந்து ஒருவர் சொல்லவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பத்தூர் நடராசரின் கதை இன்னும் விசித்திரமானது. 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, இரகசியமாகக் கைமாறி லண்டன் சேர்ந்த அந்தத் திருமேனியைப் பற்றி எந்தப் பதிவும் கிடையாது. பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்தவரை யார் படம் பிடித்திருப்பார்கள்? எனவே அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, உலோகத்தைச் சோதித்து, அவற்றில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூடச் சான்றாகக் கொண்டு வழக்கை நடத்தினார்கள். 1988-இல் கீழ்நீதிமன்றமும் 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பக்கம் தீர்ப்பளித்தன. பாழடைந்த பத்தூர்க் கோயிலின் இறைவனுக்கே வழக்காடும் உரிமை உண்டு என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஒப்புக்கொண்டதைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மனிதர்கள் எழுதி வைக்காத இடத்தில் கரையான் சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கை நடத்த எவ்வளவு காலமும் பொருளும் உழைப்பும் வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு திருமேனிக்கும் அது இயலாது என்பது விளங்கும்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படங்கள் நிற்கின்றன. 1950-களின் நடுவிலிருந்து அந்நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில்களுக்கு நேரில் சென்று, ஊர்ப்பெயரும் நாளும் குறித்து எடுத்து வைத்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், பிற்காலத்தில் காவல்துறைக்கும் ஆர்வலர்களுக்கும் கிடைத்த பெருஞ்செல்வம். தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள அனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978-இல் களவு போன இராமர், சீதை, இலக்குவன் ஆகிய மூவரும் 2020-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பினார்கள் என்றால், அதற்கு 1958-இல் எடுத்த படங்களே ஆதாரம். ஸ்ரீபுரந்தான் நடராசர் அடையாளம் காணப்பட்டதும் அதே நிறுவனம் 1994-இல் எடுத்த படத்தால்தான். அவர் 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கையாலேயே திருப்பித் தரப்பட்டார்.

ஸ்ரீபுரந்தானில் என்னை வருத்தும் செய்தி வேறொன்று. பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலில் 2006 வாக்கில் களவு நடந்தது. அது நடந்திருக்கிறது என்பதே 2008-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே போய் எண்ணிப் பார்த்திருந்தால்கூட, தடம் ஆறுவதற்குள் தேடத் தொடங்கியிருக்கலாம்.

கும்பகோணம் அருகே சௌந்தரராசப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வாரின் கதையும் சிவபுரத்தையே நினைவூட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமேனி, 1957-இல் அந்தக் கோயிலில் எடுத்த படத்தில் இருப்பதே என்பது அண்மைக் காலத்தில்தான் தெரியவந்தது. அதைத் திருப்பித் தர 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இசைந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் கோயிலில் வழிபாடு பெற்றவர் மாற்றுத் திருமேனி. பக்தர்களின் வழிபாடு பொய்யாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆண்டவனுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ளது. 1957-இல் எடுத்த அந்தப் படம் அந்தக் கோயிலின் ஊர்க்காரர்கள் கண்ணில் ஒருமுறை பட்டிருந்தால் போதுமே என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்லாமல் இல்லை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும் என்றும், அதில் நிலம், நகைகளோடு வழிபாட்டுக்கும் புறப்பாட்டுக்கும் உரிய திருமேனிகளின் விவரமும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அடுத்த பிரிவு அதை ஆண்டுதோறும் சரிபார்க்கச் சொல்கிறது. சட்டத்தில் இது இரண்டு பிரிவு. ஊரில் இது எப்படி இருக்கிறது என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். யாரையும் சிக்கலில் மாட்டுவது என் நோக்கமன்று.

எங்கள் சிவன் கோயிலின் உற்சவ மூர்த்திகள் பாதுகாப்புக் கருதி உலோகத் திருமேனி பாதுகாப்பு மையம் ஒன்றுக்கு எடுத்துச் செல்லப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. திருவிழாவுக்கு மட்டும் காவலர் துணையோடு வருவார்கள். முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். அம்பாளை வழியனுப்பும் நாளில் ஊர்ப் பெண்கள் கண்கலங்குவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மையங்கள் வேண்டியவைதாம், காவலற்ற கோயிலில் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்துவிட முடியும்? ஆனால் போகும் மூர்த்தியும் வரும் மூர்த்தியும் ஒருவரேதான் என்பதற்கு ஊராரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. பொறுப்பில் இருந்தவரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது காட்டினார். எங்கள் அம்பாளைப் பற்றி அதில் இருந்தவை ஆறு சொற்கள். அவற்றில் ஒன்று "பழையது".

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன் இருந்தவர் எழுதியதை அவர் படி எடுத்திருக்கிறார். அவருக்கு முன்னவரும் அப்படியே. தட்டச்சு வந்தபோதும் அதே ஆறு சொற்கள், கணினி வந்தபோதும் அதே ஆறு சொற்கள். கையெழுத்து மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

விவரங்களை வெளியிட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. பொறுப்பில் இருப்பவர்கள் பலர் இதை உளமார நம்புகிறார்கள் என்பதால் அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வெளியிடச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது என்பது திருடனுக்கும் தரகனுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்பதை மேலே சொன்ன கோயில் களவுகள் காட்டுகின்றன. தெரியாமல் இருந்தவர்கள் ஊராரும், காவல் நிலையமும், வெளிநாட்டு நீதிமன்றமும்தாம். தவிரவும், படமும் அளவும் ஊரறிய வெளியான ஒரு திருமேனியை எந்தப் பெரிய அருங்காட்சியகமும் இனி வாங்கத் துணியாது. வாங்குபவன் இல்லாத பொருளைத் திருடுவானேன்? பொன்னும் முத்தும் உட்பட எல்லாவற்றையும் ஊர் பார்க்கச் சுவரில் வெட்டிய மன்னனுக்குத் திருடர் பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

பதிவினால் வேறொரு நன்மையும் உண்டு. 1951-52-இல் திருவெண்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்து இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனரைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முடியைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு, காளைமேல் ஒரு கையை ஊன்றியவாறு நிற்கிறார், காளைதான் இல்லை. காளை இல்லாமலே அந்தக் கை அதன்மேல் அத்தனை இயல்பாகப் படிந்திருக்கிறது. அந்தத் திருமேனியில் எழுத்து ஏதும் இல்லாதபோதும், அது 1011-இல் எழுந்தருளுவிக்கப்பட்டது என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது, திருவெண்காட்டுக் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு ரிஷபவாகன தேவரை எழுந்தருளுவித்ததை இராசராசனின் 26-ஆம் ஆண்டில் வைத்துச் சொல்வதால்தான். தஞ்சையில் எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அதே ஆட்சியாண்டு. மறு ஆண்டு அவருடைய தேவி உமையும் அங்கே எழுந்தருளினாள். சோழர் வார்ப்புக் கலையின் காலவரிசையை அறிஞர்கள் கட்டியெழுப்பியது இதுபோன்ற சில உறுதியான ஆண்டுகளைக் கொண்டே. கல்வெட்டு இல்லாமல் போயிருந்தால் அதுவும் "பழையது" என்ற ஒரு சொல்லோடு நின்றிருக்கும்.

ஆகவே தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது இதுதான். இனி ஒரு திருமேனி காணாமற்போனாலோ கிடைத்தாலோ, கோடியை விட்டுவிட்டு உயரத்தை எழுதுங்கள். மூர்த்தியின் பெயர், ஊர், கைகள், ஆயுதங்கள், பீடத்தின் அமைப்பு, உடைந்த இடம், தேய்ந்த இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதச் சொல்லித் தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள்; தருபவரிடம் அந்த விவரம் இல்லையென்றால், இல்லை என்பதையே செய்தியாக வெளியிடுங்கள். மாலையும் துணியும் இல்லாமல், முன்னும் பின்னும் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்தைத்தான் போலி செய்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்று ஒரு ஸ்தபதி என்னிடம் சொன்னார். அறநிலையத் துறையினர் தம் பதிவேட்டில் உள்ள திருமேனிப் பக்கத்தை மட்டுமாவது அந்தந்தக் கோயிலின் வாயிலில் படத்தோடு எழுதி வைக்கலாம். பெயர்ப்பலகைக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்கும் பளிங்குக் கல் கிடைக்கும்போது, அம்பாளுக்கு ஒரு கல் கிடைக்காதா?

சென்ற திருவிழாவுக்கு அம்பாள் வந்திருந்தபோது, எங்கள் கோயில் குருக்களிடம் என் வேண்டுகோளைச் சொன்னேன். எழுபதைத் தாண்டிய அவர் முதலில் சிரித்தார். "அம்பாளை அளந்து வச்சு என்ன செய்யப் போறீங்க வாத்தியாரே?" என்று கேட்டார். நான் தஞ்சைக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அபிடேகத்துக்கு முன் ஒரு தென்னையோலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். தொட உரிமை உள்ளவர் அவர் ஒருவரே என்பதால் அவர் அளந்து சொல்லச் சொல்ல, நான் வெளியே நின்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பைக் கீழே தருகிறேன். இடம் இருந்தால் இதை மட்டுமாவது வெளியிடுங்கள்.

எங்கள் ஊர் அம்பாள், செப்புத் திருமேனி, நின்ற கோலம். திருக்கை இரண்டு, வலக்கை மலர் ஏந்தும் கடக முத்திரை, இடக்கை தொங்கல். பாதாதிகேசாந்தம் ஒரு முழம் பதினேழு விரல். பதுமம் ஐந்து விரல், இதழ் இரண்டு வரிசை. பீடம் சதுரம், பக்கத்துக்குக் கோல் செருகும் துளை இரண்டு. வடமேற்குத் துளையின் விளிம்பு விண்டிருக்கிறது. இடக்கைச் சுண்டுவிரல் நுனி இல்லை. மூக்கும் வலக்கன்னமும் தேய்வு. முதுகில் பின்னலுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவில், உலோகம் ஓடாத குழி ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.